மூன்றாம் எண் பைப்

புகைபிடிக்கும் பைப் விற்கும் கடையில் எனக்குப் பிறகு என் மேசைக்கு வந்த ரேணு போன மாதம் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, ஒரு பைப்புக்கு ஒரு வகைப் புகையிலைதான்னு சுவத்துல எழுதி ஒட்டிட்டுப் போயிட்டீங்க. வர்றவங்க சிரிக்கிறாங்க. இன்னொரு பைப்பை விக்கிறதுக்கு நீங்க பண்ற தந்திரம்ங்கிறாங்க. நான் என்ன பதில் சொல்ல?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

எனக்குப் போனில் கோவையாகப் பேச வராது. "மூக்கை வெச்சுப் பாரு, தெரியும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பிறகு இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தது.

டெல்லி ஜனக்புரியில் எங்கள் மகளிர் மன்றத்து ஆண்டு மலருக்கு, அவரவர் பார்த்த வேலையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். வங்கியில் இருந்தவர்களும் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களும் எழுதிவிட்டார்கள். நான்தான் தட்டிக்கழித்துக்கொண்டு வந்தேன். மன்றத்தில் யாருக்கும் என் வேலை என்னவென்று சரியாகத் தெரியாது. மரச்சாமான் பாலிஷ் போடும் இடம் என்று சொல்லி வைத்திருந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. இப்போது வேலையை விட்டாயிற்று, மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. சொன்னால் என்ன?

கன்னாட் பிளேஸில் பைப்பும் புகையிலையும் விற்கும் ஒரு பழைய கடை. அதன் பின்னறையில் இருபது வருடம் இருந்தேன். வாடிக்கையாளர்கள் புகைத்த பைப்புகளைச் சுத்தம் செய்வதும், எந்தப் பைப்புக்கு எந்தப் புகையிலை ஒத்துப்போகும் என்று பார்த்துச் சொல்வதும் என் வேலை. நான் ஒரு நாளும் புகைத்ததில்லை. யாரையும் புகைக்கச் சொல்லி இதை எழுதவும் இல்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது ஹிந்தியில் காய்கறிப் பெயர்கள்கூடத் தெரியாது. என் கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மூலமாக, பைப் வைக்கும் சிறு துணிப்பைகளை வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. மாதம் இரண்டு தடவை கடைக்குப் போய்ப் பைகளைக் கொடுத்துவிட்டு வருவேன். ஒரு தடவை, அங்கே அடுக்கி வைத்திருந்த புகையிலைப் பொட்டலங்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி மணப்பதாக எனக்குப் பட்டது. மேலே ஒட்டிய சீட்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான். சொல்லலாமா வேண்டாமா என்று வெகு நேரம் நின்றேன். முதலாளி மல்ஹோத்ரா சாகிப்தான் பார்த்துவிட்டு, "என்ன வேணும்?" என்றார். நான் பொட்டலத்தைக் காட்டி, "இது இதுங்களோட சேர்த்தி இல்லை" என்றேன். அவர் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது வேறு சரக்கு. பொட்டலம் கட்டியவர்கள் சீட்டை மாற்றி ஒட்டியிருந்தார்கள்.

"தையலை வேற யாராவது பாக்கட்டும். நீங்க இங்கே வாங்க" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

கற்றுக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது. அதில் சொல்ல அதிகம் இல்லை. பார்த்தேன், முகர்ந்தேன், நிறையத் தும்மினேன்.

புகையிலையில் நூறு பெயர் இருந்தாலும் என் மேசைக்கு அது நான்கு வகைதான். ஒன்று, வெயிலில் காய்ந்த வைக்கோல் மாதிரி மணக்கும் பொன்னிற வர்ஜீனியா இலை. அதில் இயற்கையாகவே சர்க்கரை இருப்பதால் சூடு ஏறினால் நாக்கைச் சுடும். அதற்குக் குறுகலான, ஆழமான குழி உள்ள பைப் வேண்டும். இரண்டாவது, விறகுப் புகையில் வாட்டிய கறுப்பு இலை கலந்தது. முகர்ந்தால் விறகடுப்புச் சமையலறையில் நிற்கிற மாதிரி இருக்கும். அதில் நாலைந்து இலைகள் கலந்திருப்பதால், எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தால்தான் ருசி தெரியும். எனவே வாய் அகன்ற குழி. மூன்றாவது, வறுத்த கடலை மணம் வரும் பழுப்பு இலை. அது சூடாக எரியும், ஆகவே சுவர் கனமான பைப். நான்காவது, செர்ரிப் பழ மணமும் வெனிலா மணமும் ஏற்றிய இனிப்புப் புகையிலை. அது பாகு போட்டது போல ஈரமாக இருக்கும். வளைந்த பைப்பில் போட்டால் அடியில் தண்ணீர் தேங்கிக் களகளவென்று சத்தம் வரும். அதற்கு நேரான பைப்தான் நல்லது.

இந்த நான்கையும் ஒரே பைப்பில் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் ரேணுவின் கேள்வி. பைப் செய்வது ஒரு செடியின் வேர்க்கட்டையில். கெட்டியான கட்டைதான், ஆனாலும் புகையை உறிஞ்சும். உள்ளே படியும் கரிப்பூச்சும் உறிஞ்சும். முதல் புகையிலையின் மணம் அங்கேயே குடியிருக்கும். மீன் குழம்பு வைத்த மண்சட்டியில் பால் காய்ச்சுகிற கதைதான்.

சாணக்யபுரியிலிருந்து ஒரு தூதரக அதிகாரி வருவார். எந்தப் புகையிலை வாங்கினாலும் நாக்கு வெந்துபோகிறது என்று இரண்டு வருடமாகப் புகையிலையை மாற்றிக்கொண்டே இருந்தார். அவர் பைப்பை வாங்கிப் பார்த்தால் குழி கிண்ணம் மாதிரி இருந்தது. அதில் வர்ஜீனியாவை அடைத்து ஊதிக்கொண்டிருந்தார். குறுகலான பைப் ஒன்றைக் கொடுத்தோம். பிறகு புகாரே இல்லை. அந்த வருடக் கடைசியில் ஒரு கேக் அனுப்பியிருந்தார். நாங்கள் ரம் போட்ட கேக் சாப்பிடுவதில்லை. மல்ஹோத்ரா சாகிப் வீட்டுக்குப் போயிற்று.

குடியேறிய மணத்தை வெளியேற்ற ஒரு வழி உண்டு. முதலில் கரிப்பூச்சைச் சுரண்ட வேண்டும். மொத்தமாகச் சுரண்டினால் அடுத்த தடவை புகைக்கும்போது கட்டை தீய்ந்துபோகும், ஒரு காசு கனத்துக்கு விட வேண்டும். பிறகு வாய்க்குழலைக் கழற்றிவிட்டு, புகை போகும் துளையைப் பஞ்சுக்கம்பியால் அடைக்க வேண்டும். குழி நிறையக் கல் உப்பு. அதன் மேல் சொட்டுச் சொட்டாகச் சாராய ஸ்பிரிட். உப்பு நனைந்தால் போதும், விளிம்புக்கு வழியக் கூடாது, வழிந்தால் மேல் பாலிஷ் போய்விடும். ஒரு முழு நாள் அசையாமல் நிற்க வைத்தால் உப்பு காப்பி நிறத்துக்கு வந்துவிடும். அதைக் கொட்டி, துடைத்து, இன்னும் இரண்டு நாள் காற்றாட வைக்க வேண்டும். அவசரப்பட்டால் பைப் விரியும். வீட்டில் அரிசி அளப்பதைவிடக் கவனமாக அங்கே உப்பு அளந்திருக்கிறேன்.

மல்ஹோத்ரா சாகிப் ஒரு பைப்பை முகரும் விதம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. முதலில் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கை கழுவுவார். பைப்பை இரண்டாகக் கழற்றிக் குழியை ஒரு தடவை முகர்வார். உடனே தன் சட்டைக் கையை முகர்வார். மூக்கைத் துடைத்து வைக்கிற மாதிரி அது. பிறகுதான் வாய்க்குழல். முகத்தில் ஒன்றும் தெரியாது. எவ்வளவு நாசமாக்கிக் கொண்டு வந்தாலும் 'தப்பு' என்ற சொல் அவர் வாயில் வராது. "இது உங்களுக்குச் சம்மதப்படலை போலிருக்கு" என்பார். என்னை ஒரு நாளும் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'சரோஜா ஜி'தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மிகவும் கறார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அட்டை உண்டு. அவரிடம் என்னென்ன பைப் இருக்கிறது, எந்த எண் பைப்பில் எந்தப் புகையிலை, கடைசியாகச் சுத்தம் செய்தது எப்போது என்று அதில் எழுதியிருக்கும். ஒருவர் வாங்கியதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. மனைவி வந்து கேட்டாலும், மகன் வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. எனக்கு முன்னால் இருந்த ஒரு விற்பனையாளர், ஒரு வீட்டம்மாளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பப்பட்டாராம். "நம்ம கடைக்கு மூக்கு உண்டு சரோஜா ஜி. வாய் கிடையாது" என்று எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சுலபமான வேலை. அது கஷ்டமாக இருந்தது ஒரே ஒரு தடவைதான்.

பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன். வைத்யநாதன் சார் மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கம். நிஜாமுதீனில் சொந்த வீடு. அட்டையில் அவருக்கு நான்கு பைப். மூன்றாம் எண், குறுகலான மெல்லிய பைப், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர்ஜீனியா புகைப்பதற்கு. இனிப்புப் புகையிலை என்றால் அவருக்கு இளக்காரம். "பாயசத்தையெல்லாம் யாராவது பத்த வைப்பாளா?" என்பார்.

நான் சேர்ந்து எட்டாவது வருடம் இருக்கும். மழைக்காலம். ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவர் கடைக்குள் வந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. பின்னால் பைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழுமலை. ஏழுமலை அவர் வீட்டில் வண்டியும் ஓட்டுவார், தூசி தட்டுவது, காய் வாங்குவது என்று மேல்வேலையும் செய்வார். ஜங்புராவில் தமிழர்கள் வாழும் குடிசைப் பகுதியான மதராசி கேம்பில் குடியிருப்பு. விழுப்புரம் பக்கத்து ஆள்.

மல்ஹோத்ரா சாகிப் என்னைப் பின்னறையிலிருந்து கூப்பிட்டார். சார் மூன்றாம் எண் பைப்பை என் கையில் கொடுத்தார்.

"சரோஜா, நீங்கோ சொல்லுங்கோ. இது ஜர்தா வாசனையா இல்லையா? இவன் நாள் பூரா வாசனை ஜர்தாவை மென்னுண்டு திரியறான். தொடைக்கறேன்னு எடுத்து வாயில வெச்சிருக்கான். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இன்னொருத்தர் டம்ளர்ல நான் தண்ணி குடிச்சதில்லை. எனக்கே எச்சில் பைப்பைக் கொடுக்கறான்!"

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கை கழுவிக்கொண்டு வந்து பைப்பைக் கழற்றினேன். வாய்க்குழலில் ஏலக்காய் மணம் தூக்கலாக இருந்தது. சார் அதைத்தான் முகர்ந்திருக்கிறார். மெல்லுகிற புகையிலையான வாசனை ஜர்தாவிலும் ஏலக்காய் உண்டு என்பதால் அவருக்கு வேறு யோசனை வரவில்லை. ஆனால் குழியில் ஜர்தா இல்லை. செர்ரி, வெனிலா. எங்கள் கடையின் இனிப்புப் புகையிலையேதான். இனிப்புப் புகையிலையை ஒரு நாளும் தொடாததால் சாருக்கு அது தெரியவில்லை. இன்னும் இரண்டு விஷயம் பார்த்தேன். குழியின் விளிம்பு கறுத்திருந்தது, நெருப்பு அணைந்து அணைந்து திரும்பத் திரும்பப் பற்றவைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்வது புதிதாகப் பழகுகிறவர்கள். புதுக் கரியும் பாதிக்குக் கீழேதான் படிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அரைக்குழிதான் நிரப்பியிருக்கிறார்கள்.

அப்போது எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த இனிப்புப் புகையிலைப் பொட்டலத்தை அந்த ஒரு மாதத்தில் இரண்டு தடவை நான்தான் கட்டிக் கொடுத்திருந்தேன். வாங்கியது வைத்யநாதன் சாரின் மனைவி லலிதா மாமி. "அமெரிக்காலேந்து அண்ணா பிள்ளை வந்திருக்கான். அவனுக்கு" என்று, நான் கேட்காமலே, இரண்டு தடவையும் சொன்னார். பேசும்போது வாயில் ஏலக்காய் இருந்தது.

"ஜர்தா இல்லை சார்" என்றேன்.

"பின்னே என்ன?"

இனிப்புப் புகையிலை என்று சொன்னால், யார் வாங்கியது என்பதுதான் அடுத்த கேள்வி. மல்ஹோத்ரா சாகிப் என் கையிலிருந்து பைப்பை வாங்கி முகர்ந்தார். சட்டைக் கையை முகர்ந்தார். மறுபடி பைப்பை முகர்ந்தார். "விட்டுட்டுப் போங்க சார். வியாழக்கிழமை சொல்றோம்" என்றார்.

"வியாழக்கிழமை வரைக்கும்தான் இவனுக்கும் டயம். அன்னிக்கே இவனை அனுப்பிடுவேன். போலீஸ்கிட்ட போகாம விடறேனே, அதுவே பெரிசு."

சார் புதிதாக வந்த டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கை துடைக்கும் துணியை உலர்த்த வராந்தாவுக்குப் போனேன். ஏழுமலை தூண் ஓரமாக நின்றிருந்தார்.

"அக்கா, நீங்களும் தமிழ்தானே. நீங்களே சொல்லுங்க. அவரு வாயில வெச்சுக் கடிச்சத நான் வாயில வெப்பனா? எச்சின்னா அவருக்கு மட்டும்தான் அருவருப்பா? எனக்கு இருக்காதா? அந்தப் பைப்பத் தொடச்சா நான் கை கழுவிட்டுத்தான் ஜர்தாவே போடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"வேலை போனாக்கூட பரவால்லக்கா. அந்தத் தெருவுல எங்க கேம்ப் ஆளுங்க பத்துப் பேரு வேலை பாக்கறாங்க. சாரு பக்கத்து வீட்லல்லாம் சொல்லிட்டாரு. எச்சிப் பைப்பத் திருடிக் குடிச்சவன்னு பேரு வந்துட்டா எந்த வீட்லக்கா கேட்டத் தொறப்பாங்க? எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"ஜர்தா இல்லைன்னு சொல்லியிருக்கேன்" என்றேன். அதற்கு மேல் சொல்ல வழியில்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு மல்ஹோத்ரா சாகிப்பிடம், "நீங்களும் கண்டுபிடிச்சுட்டீங்கதானே?" என்று கேட்டேன்.

"செர்ரி" என்றார்.

"யாருன்னும் தெரியுமா?"

"எனக்குத் தெரிய வேண்டாம்." செய்தித்தாளை மடித்தார். "உப்புப் போட்டுச் சுத்தம் பண்ணுங்க. அது கடை வேலை."

"அந்த ஆளுக்கு வேலை போயிடும் சாகிப்."

அவர் செய்தித்தாளை மேசை மேல் வைத்தார். பிறகு, "ஒருத்தர் வாங்கினதை இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதுங்கறதுதான் விதி. வாங்கினவங்ககிட்டயே பேசக் கூடாதுன்னு விதி இல்லையே" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்க எழுந்து போனார்.

வாடிக்கையாளர் வீட்டுக்கு அதுவரை நான் போன் செய்ததே இல்லை. சாரின் அட்டையில் எண் இருந்தது. மறுநாள் மதியம், அவர் நூலகம் போகும் நேரமாகப் பார்த்துச் சுழற்றினேன். மாமிதான் எடுத்தார்.

"மாமி, பைப் கடையிலேருந்து சரோஜா."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"மாமி, ஏழுமலையை வியாழக்கிழமை அனுப்பிடுவேன்னு சார் சொன்னார்."

"தெரியும்" என்றார். "ரெண்டு நாளா சொல்லிடலாம்னு வாயைத் திறக்கறேன், வேற ஏதோ வருது. காப்பி வேணுமான்னு கேக்கறேன். அண்ணா பிள்ளையும் கிடையாது, அமெரிக்காவும் கிடையாது. முப்பத்தஞ்சு வருஷம் அவர் விட்ட புகையை நான் சும்மா மோந்துண்டு இருந்தாச்சு. நாமதான் பிடிச்சுப் பாத்தா என்னன்னு ஒரு நாள் தோணித்து. இப்ப சாயங்காலம் அவர் வாக்கிங் போனா அரைப் பைப். அவ்வளவுதான்."

"நீங்க சொல்லிட்டா முடிஞ்சுடும் மாமி."

"உங்களுக்கு அவரைத் தெரியாது." குரல் தாழ்ந்தது. "சரோஜா, கடையில ஏதோ தப்பு நடந்துடுத்துன்னு நீங்கோ சொல்லிடுங்கோளேன். போன தடவை சுத்தம் பண்றச்சே வேற புகையிலை ஒட்டிண்டுடுத்துன்னு. ஏழுமலையும் தப்பிச்சுடுவான். உங்க முதலாளி நல்லவர், உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டார்."

முடியாது என்று சொல்லும் தைரியம் எனக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. சரி என்றேன். அடுத்த இரண்டு நாளும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்த ஒரு பொய்யைத்தான் மனப்பாடம் செய்தேன்.

வியாழக்கிழமை சார் வந்தார். ஏழுமலை வண்டியை நிறுத்திவிட்டுப் பெட்டியுடன் கதவருகே நின்றார். நான் பைப்பைத் துணியில் வைத்து நீட்டினேன்.

"சார், இது என் தப்பு. போன தடவை சுத்தம் பண்ணினப்போ இனிப்புப் புகையிலை பட்ட கம்பியை இதுல விட்டுட்டேன். அந்த வாசனைதான்."

சார் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். வாழ்நாள் முழுக்கக் கோப்பு பார்த்தவர்.

"மூணாம் நம்பர் உங்க கடைக்கு வந்தது குளிர்காலத்துல. அதுக்கப்புறம் கோடை பூரா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பிடிச்சிருக்கேன். ஒரு வாசனையும் இல்லை. என் அட்டையை எடுங்கோ, பாக்கறேன்."

அவருடைய அட்டையை அவர் பார்க்கலாம். மல்ஹோத்ரா சாகிப் எடுத்துக் கொடுத்தார். அதில் என் கையெழுத்திலேயே தேதி இருந்தது. இத்தனை வருடம் அட்டையில் ஒரு தேதியைக்கூடத் தவறாக எழுதாதவள், பொய் சொல்லும்போது அதை மறந்துவிட்டேன்.

"ஏன் பொய் சொல்றேள்?" என்றார். சத்தம் போடவில்லை. "நம்ம பக்கத்து ஆள், பாவம்னு காப்பாத்தறேளா? அப்ப அவன்தான்னு உங்களுக்குத் தெரியும். இல்லேன்னா எதுக்குப் பழியை ஏத்துக்கணும்?"

ஏழுமலை என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. 'ஏங்க்கா இப்படிப் பண்ணினீங்க' என்கிற மாதிரி பார்த்தார். அவரைக் காப்பாற்றப் போய் நானே குழி தோண்டிவிட்டேன் என்பது அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது.

கதவு திறந்தது. லலிதா மாமி. சாருடன் வண்டியில்தான் வந்திருக்கிறார். இறங்காமலே உட்கார்ந்திருந்தவர், கண்ணாடி வழியாகப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏன்னா, அவாளை விடுங்கோ. நான்தான்."

"நீ என்ன?"

"மூணாம் நம்பரைப் பிடிச்சது."

"எதுக்கு?"

"பைப்பை எதுக்குப் பிடிப்பா? பல் தேய்க்கவா?"

சார் சுற்றுமுற்றும் பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை. "உனக்கென்ன பைத்தியமா லலிதா? அது என் எச்சில்."

"உங்கம்மா இருந்த வரைக்கும், பதினெட்டு வருஷம், நீங்கோ சாப்பிட்ட எலையிலதான் எனக்குச் சாதம் போட்டா. பக்கத்துலதான் உக்காந்து வெத்தலை போட்டுண்டிருந்தேள். அது எச்சில்னு ஒரு நாள்கூட உங்களுக்குத் தோணலையே. பைப்புக்கு மட்டும் எப்படித் தோணித்து?"

சார் கையிலிருந்த டைரியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

மல்ஹோத்ரா சாகிப்புக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்தார். "பைப்பை மேடம் பிடிச்சாங்களாம்" என்றேன். வெளியே மழை வருகிறதாம் என்று சொன்னதைப் போலத் தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடி இழுப்பறையைத் திறந்து நேரான பைப்புகள் உள்ள தட்டை எடுத்து வைத்தார். "மேடம், உங்க கை சின்னது. கனம் இல்லாததாப் பாருங்க. வளைஞ்சது வேண்டாம், அந்தப் புகையிலைக்குத் தண்ணி கட்டும்" என்றார். மாமி ஒரு கணம் சாரைப் பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சார் கதவுப் பக்கம் திரும்பினார். "ஏழுமலை, வண்டியை எடு."

ஏழுமலை நகரவில்லை.

"சார், அப்ப நான் இல்லன்னு ஆச்சா?"

"ஆச்சு, ஆச்சு. எடு வண்டியை."

"இங்க நாலு பேரு முன்னாடி ஆச்சு சார். தெருவுல ஆவலையே. வீடு வீடாச் சொன்னது நீங்க. நான் போய் 'இல்லீங்க, நான் குடிக்கல'ன்னு சொன்னா யாரு நம்புவாங்க? ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் தாள் என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. வாயால் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்லிப் பழகியவர். கடைத் தாள் ஒன்றை வாங்கி, நின்றபடியே ஆங்கிலத்தில் எழுதினார். கீழே நிறைய இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, ஏழுமலையிடம் கொடுத்தார்.

ஏழுமலை அதை நேரே என்னிடம் கொண்டு வந்தார். "என்ன எழுதியிருக்காருக்கா?"

என் ஆங்கிலம் பத்தாம் வகுப்பு ஆங்கிலம். மெதுவாகப் படித்துச் சொன்னேன். "ஏழுமலை என்னிடம் ஆறு வருடமாக வேலை பார்க்கிறார். நாணயமானவர். அவர் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை."

"அவரு தெருவுல சொன்னது தப்புன்னு இருக்கா?"

நான் தாளை மறுபடி பார்த்தேன். இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுவார். அந்தத் தெருவில் இதை யார் வரி வரியாகப் படித்துப் பார்க்கப் போகிறார்கள்? சார் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை" என்றேன்.

ஏழுமலை தாளை என் கையிலிருந்து வாங்கினார். திரும்பிப் போய், சாருக்கு முன்னால் கண்ணாடி மேசை மேல் விரித்து வைத்தார். வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"கையெழுத்துக்கு மேல ஒரு வரிக்கு எடம் இருக்கு சார்."

சார் அவரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். தட்டிலிருந்து ஒரு சிறிய பைப்பை எடுத்துப் பல்லில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மாமியைப் பார்த்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார்.